கதி கூடினால் குறி கூடுமா?

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் போன மாதம் வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். 100 மீற்றரில் வைத்துச் சுட்ட இரண்டு இலக்குத் தாள்கள். இடப்பக்கத் தாளில் ஐந்து துளைகள், எட்டத்தில் இருப்பதிலிருந்து எட்டத்தில் இருப்பதற்கு 6 சென்ரிமீற்றர் வரும். வலப்பக்கத் தாளில் மூன்று துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்திருந்தன. மற்ற இரண்டும் பக்கத்திலேயே. ஒரு சோடாப் போத்தல் மூடியை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். தாள்களின் மூலையில் நீலப் பேனையால் எழுதியிருந்தார்: இடப்பக்கம் 830, வலப்பக்கம் 795. குண்டு செக்கனுக்கு எத்தனை மீற்றர் போகிறது என்ற கதி அது. கீழே ஒரு வரி: "தங்கச்சி, நீ பௌதிகவியல் படிப்பிக்கிறாய்தானே. வேகமானதை எடுக்கிறதா, ஒட்டி விழுகிறதை எடுக்கிறதா?"

அண்ணா கனடாவில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். கடைத் தோட்டாவை வாங்கிச் சுடாமல், தன் ரைபிளுக்கு ஏற்றமாதிரி வீட்டில் தானே தோட்டா நிரப்புகிறார். அந்த நாட்டில் உரிமம் உள்ளவர்களுக்கு அது சட்டப்படியான, பலர் வருடக்கணக்காகச் செய்யும் பொழுதுபோக்கு. இலங்கையில் கதை வேறு. துவக்குக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். ஆகவே இது செய்முறைக் குறிப்பு இல்லை. அந்தக் கேள்விக்குள் இருக்கும் பௌதிகவியலைத்தான் விளக்கப் பார்க்கிறேன். இரண்டு கிழமையாக என் தலையை விட்டுப் போகாத கேள்வி அது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சன்னம் (குண்டு), கோது (தோட்டாவின் உறை) என்ற சொற்கள் எங்களுக்கு இலேசாக வாயில் வருவதில்லை. காணி துப்புரவாக்கும்போதோ கிணறு இறைக்கும்போதோ பழைய தோட்டா ஏதும் அகப்பட்டால் அதைத் தொடவேண்டாம், பிரித்துப் பார்க்கவே வேண்டாம். அந்த இடத்தில் ஒரு அடையாளத்தை வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த தோட்டாவின் பிரைமர், அதாவது பற்றவைக்கும் மூடி, எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்லமுடியாது.

சரி, தோட்டாவுக்கு வருவோம். அதில் நாலு பொருள். பித்தளைக் கோது. அதன் அடியில் ஊசி அடித்ததும் பொறி விடும் பிரைமர். உள்ளே மருந்து. கோதின் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட சன்னம். சுட்ட பிறகு கோது மட்டும் மிஞ்சும். அந்தக் கோதைப் பழைய அளவுக்கு நெருக்கி, நீளம் வெட்டி, புது பிரைமர் வைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, புதுச் சன்னத்தைக் குறித்த ஆழத்தில் இருத்துவதுதான் கைநிரப்பு. வன்னிப்பக்கத்தில் இடியன் துவக்கு என்று சொல்வார்களே, குழல் வாயால் மருந்தைப் போட்டு இடித்துச் சுடுவது, அதில் சுடுகிறவன் கை நிதானமே அளவு. இங்கே அந்தக் கை நிதானத்தின் இடத்தில் தராசும் வேணியர் இடுக்கிமானியும் வந்து நிற்கின்றன.

மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம், எங்கள் தட்டாரின் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. கைநிரப்புக்காரரின் தராசு அந்தக் கிரெயினிலும் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். கன்னாதிட்டியில் பொன் நிறுக்கிறபோது மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு மூச்சையும் அடக்கிக்கொண்டு தராசைப் பார்ப்பார்களே, அண்ணா தன் நிலவறையில் அப்படித்தான் இருப்பாராம். அதுவும் ஒரு தோட்டாவுக்கு இல்லை, ஐம்பதுக்கு.

எதற்கு இவ்வளவு பாடு? அண்ணாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கெற்றப்போல் ஞாபகம் வந்தது. கொய்யாக் கவை, சைக்கிள் ரியூப், தோல் துண்டு. அண்ணா அடிப்பார், நான் உருண்டை பிடிப்பேன். கல்லால் அடித்தால் ஒன்று மாங்காயில் படும், அடுத்தது பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பாரம், ஒவ்வொரு வடிவம். அதனால் வளவுச் செம்மண்ணைக் குழைத்து உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்தோம். கொஞ்ச நாளில் அதிலும் குறை தெரிந்தது. சின்னது மேலே போனது, பெரியது முன்னுக்கு விழுந்தது. அரை அங்குலத் தண்ணிக்குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துவந்தேன். அதற்குள் மட்டுமட்டாக நுழைந்து வெளியே வருகிற உருண்டைதான் சரி. நுழையாதது திரும்பச் சேற்றுக்குள், தளர்வாக விழுவதும் சேற்றுக்குள். அதற்குப் பிறகு அண்ணா ஒரு காம்பைக் குறிவைத்து நாலு அடியில் ஒன்றாவது பிடிப்பார். ரியூப்பும் மாறவில்லை, கையும் மாறவில்லை. உருண்டைகள் ஒரே மாதிரி வந்தன, அவ்வளவுதான்.

வேகம் பற்றிய ஆசை அப்போதும் இருந்தது. மோட்டார் சைக்கிள் ரியூப் மாட்டினால் இன்னும் வேகமாகப் போகும் என்று ஒருநாள் மாட்டினார். வேகம் வந்தது உண்மை. இழுத்துப் பிடிக்கிறபோது கை நடுங்கியதும் உண்மை. இன்று நிலவறையில் அவர் நிற்கும் இடம் இதே இடம்தான்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் முதல் மாதத்திலேயே சொல்வது ஒன்று உண்டு. எங்கள் பாடப்புத்தகத்தில் கதி வேறு, வேகம் வேறு. எவ்வளவு விரைவு என்பது மட்டும் கதி. அதோடு எந்தத் திசை என்பதும் சேர்ந்தால் வேகம். அண்ணா தாளின் மூலையில் எழுதியது கதி. துளைகள் காட்டுவது திசை. அவர் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிறார். இரண்டும் எவ்வளவு பெறுமதி என்பதைக் கணக்கில் பார்த்தால் பதில் ஓரளவு தானாகவே வருகிறது.

830க்கும் 795க்கும் வித்தியாசம் செக்கனுக்கு 35 மீற்றர், நூற்றுக்கு நாலரை வீதத்துக்குக் கிட்ட. இயக்கசக்தி கதியின் வர்க்கத்தோடு போவதால் சக்தியில் ஏறக்குறைய 9 வீதம் கூடும். அவர் பாவிப்பது .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டா, சன்னம் 168 கிரெயின், அதாவது 10.9 கிராம். குழல் வாயில் 3,750 யூல் ஒன்று, 3,440 யூல் மற்றது. மான் இதில் எதைக் கண்டும் வித்தியாசம் சொல்லாது.

இனி விழுகை. புவியீர்ப்பு எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுக்கிறது. எவ்வளவு நேரம் பறக்கிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப விழும். அண்ணா 200 மீற்றருக்கு அப்பால் சுடமாட்டார். வளித்தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 200 மீற்றரில் வேகமான சன்னம் குழலின் கோட்டிலிருந்து 28.5 சென்ரிமீற்றர் இறங்கும், மெதுவானது 31 சென்ரிமீற்றர். வித்தியாசம் இரண்டரை. வளித்தடையையும் சேர்த்தால் மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

35 மீற்றர் கூடுதல் கதி அவருக்குத் தருவது இந்த மூன்று சென்ரிமீற்றரைத்தான். அது அவருக்கு முன்கூட்டியே தெரிந்த மூன்று சென்ரிமீற்றர் என்பதையும் கவனியுங்கள். ஸ்கோப்பின் குமிழைச் சில கிளிக் திருப்பினால் அது இல்லாமல் போய்விடும். ஆய்வுகூடத்தில் பூச்சிய வழு என்று படிப்பிக்கிறோமே, வேணியர் எப்போதும் 0.02 கூட்டிக் காட்டினால் விடையில் 0.02 கழித்துவிடலாம், அந்த மாதிரியான வழு இது.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 100 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் விரிந்த துளைகள் 200 மீற்றரில் 12 ஆகும். போத்தல் மூடிக்குள் இருந்தவை 6க்குள் நிற்கும். இந்த வித்தியாசத்தை எந்தக் குமிழாலும் திருப்பி எடுக்கமுடியாது. அடுத்த சன்னம் இடமா வலமா மேலா கீழா என்று சொல்லமுடியாத எழுமாற்று வழு அது. மானின் நெஞ்சுப்பகுதி எங்கள் சாப்பாட்டுக் கோப்பை அளவு, 20 சென்ரிமீற்றர் வரும். துவக்கின் சிதறல் 12 சென்ரிமீற்றர், அதற்கு மேல் கை நடுக்கம், அதற்கு மேல் காற்று, அதற்கு மேல் மானின் ஓரடி என்று கூட்டிப் பாருங்கள். காயப்பட்டு ஓடிப் போகிற மிருகத்தைப் பற்றி அண்ணா ஒருதரம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வருடம் அவர் துவக்கைத் தொடவில்லை. எனக்கு இந்தக் கேள்வி கணக்காக மட்டும் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தெரிந்த குறையைச் சரிசெய்யலாம், தெரியாத சிதறலைச் சரிசெய்ய முடியாது. இதனால்தான் கைநிரப்புக்காரர் கதியை விடக் கதியின் சமத்தன்மைக்கு மெனக்கெடுகிறார்கள். ஒவ்வொரு சன்னத்தின் கதியையும் கருவியில் பதிந்து, இடையையும் (சராசரி) நியம விலகலையும் (அதைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பது) எடுப்பார்கள். இடை 795 ஆக இருந்தால் என்ன, 780 ஆக இருந்தால் என்ன, விலகல் சின்னதா என்பதே கேள்வி. ஆனால் இதிலும் தூரம் பார்த்துத்தான் பேசவேண்டும். அண்ணாவின் வேகமான தொகுதியில் ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் இடையில் செக்கனுக்கு 18 மீற்றர் இருந்தது. 200 மீற்றரில் அதனால் வரக்கூடிய ஏற்ற இறக்கம் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம் மட்டுமே. 900 மீற்றரில் சுடுகிறவருக்கோ, இதே வகைச் சன்னம் பத்து மீற்றருக்குக் கிட்ட விழுந்திருக்கும்; அங்கே கதியில் ஒரு வீதம் பிழைத்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் மேலே கீழே போகும். நீண்ட தூரப் போட்டிக்காரர் கிரெயினில் பத்தில் ஒன்றுக்கு அடிபடுவதில் நியாயம் இருக்கிறது. மான் வேட்டைக்காரர் அதே அளவு கவலைப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் அண்ணாவின் வேகமான தொகுதி சிதறியது ஏன்? நான் முதலில் சுழற்சியைத்தான் சந்தேகித்தேன். ரைபிள் குழலுக்குள் மரை வெட்டியிருப்பார்கள். சன்னம் அதில் திருகிக்கொண்டு வெளியே வரும். அவருடைய குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. செக்கனுக்கு 795 மீற்றரில் போகும் சன்னம் செக்கனுக்கு 2,600 தடவை சுழல்கிறது. பம்பரம் மாதிரி நிமிர்ந்து நிற்க அது வேண்டும். ஆனால் சன்னத்தின் புவியீர்ப்பு மையம் அச்சிலிருந்து ஒரு பொட்டு விலகியிருந்தாலும், குழலை விட்டு வெளிவந்த அந்தக் கணத்தில் அது தொடுகோட்டில் பக்கவாட்டாக எறியப்படும். மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு விலகல், தலைமயிர்த் தடிப்பில் பத்தில் ஒன்றும் வராது, 200 மீற்றரில் அது இரண்டு சென்ரிமீற்றராகத் தெரியும்.

கூடுதல் கதி என்றால் கூடுதல் சுழற்சி, ஆகவே கூடுதல் பக்கவிலகல் என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பிறகு கடதாசியில் போட்டுப் பார்த்தால் கதி வெட்டுப்பட்டுப் போகிறது. சுழற்சி கூடுகிற அதே விகிதத்தில் பறக்கும் நேரம் குறைகிறது. மிஞ்சுவது மரையின் சாய்வும் தூரமும் சன்னத்தின் குறையும் மட்டும். நல்ல சன்னம் வாங்கினால் இந்த வழு குறையும். மெதுவாகச் சுட்டால் குறையாது. இதைக் கண்டதும் எனக்கு நிலைகொள்ளவில்லை, அடுத்த நாளே வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன்.

எனவே கதியைக் குற்றம் சொல்லமுடியாது. அந்தக் கடைசி 35 மீற்றரை எப்படிச் சம்பாதித்தார் என்பதில்தான் விடயம் இருக்கிறது. .308க்கு ஐரோப்பிய நியமம் அனுமதிக்கும் உச்ச அமுக்கம் 4,150 பார். உங்கள் மோட்டார் சைக்கிள் ரயரில் இருப்பது இரண்டு பார் அளவு. அந்த அமுக்கம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் ஏறி இறங்குகிறது. மருந்தைக் கூட்டக் கூட்டக் கதியும் அமுக்கமும் சேர்ந்தே ஏறும். ஆனால் ஒரே படியில் ஏறாது. உச்சிக்குக் கிட்டப் போகப் போகக் கதி கொஞ்சமாகவும் அமுக்கம் நிறையவும் ஏறும். அந்த அமுக்கத்தில் சன்னம் மரைக்குள் நுழைகிறபோது சற்றே சாய்ந்து நுழைந்தால் சாய்வு அப்படியே பதிந்துவிடும். உதைப்பு கூடும், சுடுகிறவரின் தோள் அதை எதிர்பார்த்து முன்னுக்கே நகரும். குழல் வாயில் பீறிடும் வாயு கூடும், அது சன்னத்தின் பின்பக்கத்தைச் சமமில்லாமல் தள்ளும். குழலும் சும்மா இருப்பதில்லை. சன்னம் உள்ளே இருக்கும்போதே இரும்பு முழுவதும் அதிர்கிறது.

இந்த அதிர்வைப் பற்றி ஒரு கொள்கை பலகாலமாகச் சொல்லப்படுகிறது. குழல் வாய் மேலும் கீழும் ஆடுகிறபோது, அது திரும்புமிடத்தில் ஒரு கணம் மெதுவாகும். சன்னம் அந்தக் கணத்தில் வெளியேறினால் துளைகள் ஒட்டும் என்பார்கள். மருந்தின் அளவைப் படிப்படியாக மாற்றி அந்த இடத்தைத் தேடுவது ஒரு பெரிய சடங்கு. பௌதிகவியலாக அதில் தவறு இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மூன்று வெடி மட்டும் வைத்துப் பார்த்தவர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே துவக்கு, ஒரே தோட்டா. மூன்று வெடியின் விரிவை விடப் பத்து வெடியின் விரிவு சராசரியில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். எதுவும் மாறாமலே இது வரும், எழுமாற்று எண்களின் குணம் அது. மூன்று மூன்றாகச் சுட்டு ஆகச் சின்னதைத் தெரிவு செய்கிறவர் பலதடவை அதிர்ஷ்டத்தைத்தான் தெரிவு செய்கிறார். அண்ணாவின் ஐந்தும் போதாது. "இரண்டிலும் பத்துப் பத்துச் சுட்டு அனுப்புங்கோ, அப்பதான் நான் பேசுவன்" என்று எழுதினேன்.

மெதுவாகப் போனால் எப்போதும் ஒட்டி விழும் என்றும் நினைத்துவிடக்கூடாது. மருந்தை மிகவும் குறைத்தால் கோதுக்குள் பாதி வெறுமையாகும், சரித்தால் மருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும், பிரைமரின் பொறி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பற்றவைக்கும். போதிய அமுக்கம் வராத மருந்து முழுதாக எரியாமல் கரியும் குருணியுமாக மிஞ்சும். கதி தாறுமாறாகும். பல ரைபிள்களில் நல்ல இடம் உச்சிக்குச் சற்றுக் கீழேதான் அகப்படுகிறது. உச்சத்திலேயே ஓடி வெல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். மேசையில் தாங்கி வைத்துச் சுடும் போட்டிகளில் பெயர்போன 6 மில்லிமீற்றர் PPC தோட்டாவை 1975 அளவில் பல்மிசானோ, பின்டெல் என்ற இருவர் உருவாக்கினார்கள். அதில் செக்கனுக்கு 1,000 மீற்றர் அளவு கதியில், நல்ல அமுக்கத்தில்தான் உலகத்தின் ஆகச் சின்னத் துளைக்கூட்டங்கள் சில விழுகின்றன. ஆனால் அந்தத் துவக்கு பாரமானது, குழல் தடிப்பு, கோது அதற்கென்றே கடைந்தது. அண்ணா தோளில் கொழுவிக்கொண்டு பற்றைக்குள் நடக்கிற துவக்கு அப்படிப்பட்டது இல்லை.

உச்சியைத் தாண்டுவது பற்றி ஒரு சொல். கைநிரப்பில் யாருடைய வாயிலிருந்து கேட்ட அளவையும் எடுப்பதில்லை. உற்பத்தியாளர் அச்சிட்ட அட்டவணையில் உச்சத்திலிருந்து பத்து வீதம் கீழே தொடங்கி மெல்ல ஏறுவார்கள். பிரைமர் சப்பட்டையாவது, துவக்கின் பூட்டு (கோதைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் bolt) திறக்க இறுகுவது எல்லாம் அமுக்கம் கூடிவிட்டதன் அடையாளம். அந்த அடையாளம் தெரிகிறபோது ஏற்கெனவே பிந்திவிட்டது. அண்ணாவின் வேகமான தொகுதியில் பூட்டு இறுகியதா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லே போதும். அந்தத் தொகுதியைச் சுடவேண்டாம், பிரித்துவிடுங்கோ என்று சொல்லி, பத்துப் பத்து என்று முதலில் கேட்டதில் ஒரு பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

காற்றுக்கு வருவோம். இங்கே பலருக்கும் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. வேகமாகப் போகிற சன்னத்தைக் காற்றுக் குறைவாகத் தள்ளும், ஏனென்றால் நேரம் குறைவு என்று. விதி அப்படி இல்லை. காற்றின் கதியை, பறந்த மொத்த நேரத்தால் பெருக்குவதில்லை. பிந்திய நேரத்தால் பெருக்கவேண்டும். வளித்தடையே இல்லாவிட்டால் எவ்வளவு நேரத்தில் போயிருக்குமோ, அதை விட எவ்வளவு பிந்தியதோ அந்த நேரம் மட்டும். ஆகவே தொடக்கக் கதியை விடச் சன்னம் தன் கதியை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதே முக்கியம். மூக்கு நீண்ட, பாரமான சன்னம் மெதுவாகப் புறப்பட்டாலும் வேகமான இலேசான சன்னத்தை விடக் காற்றில் குறைவாக நகரும் சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு. தையில் வாடைக்காற்றில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விடுகிற பிள்ளையைக் கேளுங்கள், பட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது அதன் பாரமும் வடிவமும் என்று சொல்லும். அண்ணாவின் இரண்டு தொகுதிக்கும் சன்னம் ஒன்றே. செக்கனுக்கு 5 மீற்றர் பக்கக் காற்றில் 200 மீற்றரில் இரண்டும் 10 சென்ரிமீற்றர் அளவு நகரும். வேகமானதன் இலாபம் ஒரு சென்ரிமீற்றரும் தேறாது.

இதன் ஆக அழகான உதாரணம் .22 தோட்டா. ஒலிம்பிக் 50 மீற்றர் ரைபிள் போட்டியில் சுடுவது அதைத்தான். கடையில் செக்கனுக்கு 380 மீற்றர் போகிற வகை இருக்கிறது. போட்டிக்காரர் எடுப்பதோ 330க்குக் கீழே போகிறதை. வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர் அளவு. அந்த எல்லையைத் தாண்டிப் புறப்படும் மொட்டையான ஈயச் சன்னத்துக்கு வளித்தடை திடீரென்று கூடும். அது தன் கதியை விரைவாக இழந்து, பிந்திய நேரம் கூடி, மெதுவானதை விடக் காற்றில் அதிகம் நகரும். அதோடு ஒலியின் கதியைக் கடக்கிறபோது வரும் குழப்பத்தில் சன்னம் ஆட்டங்காணவும் கூடும். அந்தப் போட்டியின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர். அதற்கு வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 10 மீற்றர் வளித்துவக்கில் சன்னம் செக்கனுக்கு 175 மீற்றர் அளவே போகிறது. அங்கே பத்து என்பது அரை மில்லிமீற்றர்ப் புள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக தெஹானி எகொடவெல சுட்டது அந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே போட்டிக்காரி.

கடலூர் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போகமுடியாது. உயர்தர வினாத்தாள்களில் அடிக்கடி வருகிற கணக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: இழையில் தொங்கும் மரக்குற்றியில் சன்னம் ஒன்று புதைந்து, குற்றி இவ்வளவு உயரம் எழுகிறது, சன்னத்தின் கதியைக் காண்க. அது பரீட்சைக்காக யாரோ கற்பனை செய்தது என்றுதான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்தேன். பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் உண்மையிலேயே அப்படி ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, சுட்டு, அளந்து, 1742இல் வெளியிட்டார். அதுவரை சன்னத்தின் கதி என்ன என்பது ஊகம்தான். அவர் அளந்தபோது வளித்தடை அதுவரை நினைத்ததைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. ஒலியின் கதிக்குக் கிட்ட அது பாய்ந்து ஏறுவதையும் அவர் கவனித்தார். சில வருடங்களில் கணிதவியலாளர் ஒயிலர் (Euler) அந்த நூலை ஜேர்மனுக்கு மொழிபெயர்த்து விரிவுரையும் எழுதினார். ரொபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகக் கடல் கடந்து வந்து, 1751இல் கடலூரில் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவரது ஊசல் செய்ததை இன்று அண்ணாவின் மேசையில் இருக்கும் ஒளிப்படலைக் கருவி செய்கிறது. இரண்டு ஒளிக்கதிருக்கு இடையில் எவ்வளவு நேரம் என்று பார்த்து வகுத்துச் சொல்லிவிடும்.

அண்ணாவின் பத்து வெடித் தாள் போன ஞாயிறு வந்தது. 795 தொகுதி 100 மீற்றரில் 4 சென்ரிமீற்றருக்குள். போத்தல் மூடி போதவில்லை, நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஒன்று மட்டும் தனியே வலப்பக்கம் போயிருந்தது, அதைத் தான் இழுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதையும் எண்ணத்தான் வேண்டும் என்று சொன்னேன். 200 மீற்றரில் 8 சென்ரிமீற்றர், கோப்பைக்குள் நன்றாக நிற்கும். மானில் படும்போது கதி செக்கனுக்கு 650 மீற்றருக்கு மேல் இருக்கும் என்பதால் வேட்டைச் சன்னம் விரிவதற்கும் குறைவில்லை. ஸ்கோப்பை அந்தத் தொகுதிக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஒரு விடயம் மட்டும் பாக்கி இருக்கிறது. இந்தத் தாள் எல்லாம் ஓகஸ்ட் வெயிலில் சுட்டது. அவர் வேட்டைக்குப் போவது நவம்பரில், காலையில் பூச்சியத்துக்குக் கீழே. மருந்து குளிர்ந்தால் மெதுவாக எரியும், கதி குறையும். எவ்வளவு குறையும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அவருடைய குழலில் அளந்தால்தான் தெரியும். முதல் உறைபனிக் காலையில் பத்து வெடி வைத்துக் கதியை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தோட்டாக்களை இரவு முழுக்கக் காருக்குள்ளேயே விடுங்கோ, வீட்டுச் சூட்டோடு கொண்டுபோகாதேங்கோ என்று இன்று காலை ஞாபகப்படுத்தி எழுதினேன். பூட்டுப்போட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் விடுவேன், தங்கச்சி என்று பதில் வந்தது.